பூட்டு திறக்கும் போட்டிக்குப் பேர் கொடுத்துவிட்டேன், மூன்றாவது பின்னிலேயே நிற்கிறேன்

எல்பேக்கரை எழுதியது:

வணக்கம். இதை எந்தப் பகுதியில் போடுவது என்று தெரியாமல் பொழுதுபோக்கில் போடுகிறேன், தப்பென்றால் நிர்வாகிகள் மாற்றிவிடுங்கள்.

நான் இருப்பது ஹாம்பர்க்கில். எட்டு மாதமாகச் சாவி இல்லாமல் பூட்டு திறக்கிற பைத்தியம் பிடித்து ஆட்டுகிறது. ஆரம்பம் எல்லாரையும் போலத்தான், தூக்கம் வராத ஒரு ராத்திரி லாக்பிக்கிங்லாயர் என்ற யூடியூப்காரரின் காணொளி ஒன்றைப் பார்த்தேன். முகத்தைக் காட்டாமல் இரண்டு கை மட்டும், பேங்க் மேனேஜர் மாதிரி அமைதியான குரல், நான் தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் பூட்டு திறந்துவிட்டது. அடுத்த வாரம் கொக்கியும் கம்பியும் வாங்கிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, இதைச் சங்கம் வைத்து முறையாக விளையாட ஆரம்பித்த இடங்களில் முக்கியமானதே நான் குடியிருக்கும் ஊர்தான் என்று. ஸ்டெஃபன் வெர்னேரி என்பவர் 1997-ல் இங்கேதான் எஸ்எஸ்டிஇவி சங்கத்தைத் தொடங்கியிருக்கிறார். பெயரைத் தமிழில் சொன்னால் 'பூட்டு நுட்ப விளையாட்டு நண்பர்கள்' என்று வரும்.

சரி, விஷயம் இதுதான். எங்கள் நண்பர் குழுவில் ஆறு வாரம் கழித்துப் புதியவர்களுக்கு என்று ஒரு சின்னப் போட்டி வைக்கிறார்கள். ஆர்வக்கோளாறில் பேர் கொடுத்துவிட்டேன். சாதாரண ஐந்து பின் பூட்டு என்றால் இரண்டு மூன்று நிமிடத்தில் திறந்துவிடுவேன். (பின் என்பது பூட்டுக்குள் ஸ்பிரிங் அழுத்தி நிற்கிற சின்னக் குச்சி, எல்லாம் சரியான உயரத்துக்கு வந்தால்தான் சாவி நுழைகிற உருளை திரும்பும்.) ஆனால் ஸ்பூல் பின் போட்ட பூட்டு ஒன்று மூன்று வாரமாக என்னைச் சாகடிக்கிறது. மூன்றாவது பின் வரைக்கும் வருகிறேன், உருளை லேசாகத் திரும்புகிறது, 'ஆஹா' என்று நினைக்கிறேன், அதோடு சரி. எவ்வளவு அழுத்தினாலும் அசையாது. என்ன செய்கிறேன் என்று யாராவது சொல்லுங்கள்.

இன்னொன்று. மாமியார் வீடியோ காலில் மேஜையில் கிடந்த கம்பிகளைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். நானும் உண்மையைச் சொன்னேன். 'மாப்பிள்ளை, அங்கே வேலை எல்லாம் ஒழுங்காகத்தானே போய்க்கொண்டிருக்கிறது?' என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது?

ரேக்ராணி எழுதியது:

அழுத்துவதை நிறுத்துங்கள், அதுதான் முதல் மருந்து :)

உங்களுக்கு நடப்பது திறப்பு இல்லை, பொய்த் திறப்பு. ஸ்பூல் பின்னைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், அச்சாக உடுக்கை மாதிரி இருக்கும், இரண்டு பக்கமும் தடித்து நடுவில் ஒடுங்கி. அந்த ஒடுங்கின இடம் உருளையின் விளிம்புக்கு வரும்போது இடம் கிடைத்ததே என்று உருளை சில டிகிரி திரும்பும். உடுக்கையின் கீழ்த்தட்டு இன்னும் உள்ளேயே மாட்டிக்கொண்டிருக்கும். இந்த நிலையில் நீங்கள் டென்ஷன் கம்பியை, அதாவது உருளையைத் திருப்பிப் பிடிக்கிற கம்பியை, அழுத்த அழுத்த அந்தத் தட்டு இன்னும் இறுகும். ஆறு வாரம் இல்லை, ஆறு வருஷம் அழுத்தினாலும் திறக்காது.

செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். பொய்த் திறப்பில் நிற்கும்போது கொக்கியால் ஒவ்வொரு பின்னாக மெதுவாகத் தொட்டு மேலே தள்ளிப் பாருங்கள். ஏதோ ஒரு பின்னைத் தள்ளும்போது உருளை உங்கள் டென்ஷன் விரலை எதிர்ப்பக்கம் திருப்பித் தள்ளும். அதுதான் ஸ்பூல். அப்போது பயந்து விரலை இறுக்கக் கூடாது, விட்டுக்கொடுக்க வேண்டும். உருளை பின்னால் வர வர, பின் மேலே ஏறி, கடைசியில் 'டிக்' என்று உட்காரும். இந்த விட்டுக்கொடுத்தலில் ஏற்கெனவே உட்கார்ந்த பின் ஒன்றிரண்டு கீழே விழுந்துவிடும், எல்லாருக்கும் விழும், போய் மறுபடி தூக்கிவிட்டு வர வேண்டியதுதான். இந்த விழுகிற பயத்தில்தான் முக்கால்வாசிப் பேர் விரலை இறுக்கி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், நானும் அப்படி இருந்தவள்தான்.

எவ்வளவு டென்ஷன் என்றால், உங்கள் விரல் நகத்தைப் பாருங்கள். வெளுத்தால் அதிகம். கீபோர்டில் ஒரு எழுத்தைத் தட்டுகிற பலத்தில் பாதி போதும்.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். பூட்டைப் பிரித்து எல்லாப் பின்னையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு ஸ்பூலை மட்டும் போடுங்கள். (பிரிக்கும்போது உருளையின் தடிமனுக்கு ஒரு மரக்குச்சியைச் சீவி அதை வைத்தே உருளையைத் தள்ளி எடுங்கள், இல்லையென்றால் மேலே இருக்கும் ஸ்பிரிங் எல்லாம் சோபாவுக்கு அடியில் போய்விடும், எனக்கு இன்னும் இரண்டு கிடைக்கவில்லை.) ஒன்று கை வந்ததும் இரண்டு, அப்புறம் மூன்று. தயவுசெய்து அந்தக் கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் பூட்டை மட்டும் வாங்காதீர்கள். கண் பழகும், கை பழகாது.

நான் ஐந்து வருஷமாக நெதர்லாந்தில் போட்டிகளுக்குப் போகிறேன், ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. போட்டியைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன், குழந்தையை நீச்சலுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சும்மாவந்தேன் எழுதியது:

கேட்கிறேன் என்று தப்பாக நினைக்க வேண்டாம். திருடனுக்கு வகுப்பு எடுக்கிற மாதிரி இல்லையா இது? உடுக்கை, தட்டு என்று இவ்வளவு விளக்கமாகப் பொதுவில் எழுதி வைத்தால் நாளைக்கு எவனாவது படித்துவிட்டு என் வீட்டுக்கு வருவான். விளையாட்டு என்று பெயர் வைத்துவிட்டால் ஆயிற்றா?

பழையசாவி எழுதியது:

சும்மாவந்தேன், நீங்கள் கேட்டதைக் கிட்டத்தட்ட 170 வருஷத்துக்கு முன்னால் லண்டனே கேட்டது. நான் இங்கே இருப்பதாலும் இந்தக் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும் என்பதாலும் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1851-ல் மகா கண்காட்சி நடந்தபோது அமெரிக்காவிலிருந்து ஹாப்ஸ் என்ற பூட்டுக்காரர் வந்தார். அப்போது இங்கிலாந்தில் யாராலும் திறக்க முடியாது என்று இரண்டு பூட்டுகளுக்குப் பேர். ஒன்று 1818-ல் வந்த சப் டிடெக்டர் பூட்டு. அதில் ஒரு குறும்பு உண்டு, யாராவது கம்பி விட்டு லீவரை (சாவி தூக்குகிற உள்தகடு) அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் ஒரு ஸ்பிரிங் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் சொந்தச் சாவி போட்டாலும் திறக்காது, சொந்தக்காரருக்கு யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். ஹாப்ஸ் சாட்சிகளை உட்காரவைத்து 25 நிமிடத்தில் அதைத் திறந்தார், 7 நிமிடத்தில் திரும்பப் பூட்டியும் காட்டினார். வேடிக்கை என்னவென்றால் அந்தக் காட்டிக்கொடுக்கிற ஸ்பிரிங்கே அவருக்கு உதவியாக இருந்திருக்கிறது, எந்த லீவர் எவ்வளவு உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று அதுவே சொல்லிவிடுகிறதே.

இரண்டாவது பிராமா பூட்டு. 1790-லிருந்து கடை ஜன்னலில் தொங்கியது, திறக்கும் கருவியைச் செய்கிறவருக்கு 200 கினி பரிசு என்று எழுதி வைத்து. அறுபது வருஷம் யாரும் அந்தப் பணத்தைத் தொடவில்லை. ஹாப்ஸுக்கு 51 மணி நேரம் ஆனது, ஒரே மூச்சில் இல்லை, 16 நாள் வந்து வந்து உட்கார்ந்திருக்கிறார். பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். பூட்டு இப்போது இங்கே அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சின்னச் சாமான்தான், பார்த்தால் இதற்கா இத்தனை கூத்து என்று தோன்றும்.

அப்போதும் பத்திரிகைகளில் இதே சண்டைதான். ஹாப்ஸ் தரப்பு சொன்னது சுருக்கமாக இதுதான்: திருடனுக்கு இது நாம் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை, பூட்டை நம்பிக் காசு போட்டவருக்குத்தான் தெரிய வேண்டும். அதற்குப் பிறகுதான் இங்கே பூட்டுக்காரர்கள் உட்கார்ந்து பூட்டை மாற்றினார்கள்.

எல்பேக்கரைக்கு: மாமியாரிடம் இரண்டு விதியைச் சொல்லுங்கள். உன்னுடையது இல்லாத பூட்டைச் சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் தொடாதே. புழக்கத்தில் இருக்கிற பூட்டை, உன்னுடையதாகவே இருந்தாலும், தொடாதே. எந்தக் குழுவுக்குப் போனாலும் முதல் நாள் இதைத்தான் சொல்வார்கள். இரண்டாவது விதியைச் சிலர் சும்மா பயமுறுத்தல் என்று நினைப்பார்கள். நான் என் வீட்டு வாசல் பூட்டிலேயே பழகி உள்ளே ஒரு கம்பியை முறித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பூட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவர் என் மேஜையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்த பார்வை இருக்கிறதே...

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள், ஊருக்கு ஊர் வேறு. இங்கே கம்பி வைத்திருப்பது குற்றம் இல்லை, ஆனால் திருடும் எண்ணத்தோடு வீட்டை விட்டு வெளியே கொண்டுபோனால் 1968 திருட்டுச் சட்டத்தில் மாட்டுவீர்கள். ஜப்பானில் 2003-லிருந்து தக்க காரணம் இல்லாமல் வைத்திருப்பதே குற்றம், அங்கே சுற்றுலா போகும்போது பையைத் துழாவிவிட்டுப் போங்கள்.

சும்மாவந்தேன் எழுதியது:

கதை நன்றாக இருக்கிறது. ஆனாலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஒன்று மட்டும் ஒப்புக்கொள்கிறேன், போன வருஷம் எங்கள் சித்தப்பா வீட்டில் திருட்டுப் போனது, அந்தப் பூட்டு இன்றைக்கும் பூட்டியபடியே எங்கள் பரணில் கிடக்கிறது. நாதாங்கியைத்தான் கடப்பாரையால் நெம்பியிருந்தார்கள்.

பட்டறைக்காரன் எழுதியது:

எல்லாரும் சீமைப் பூட்டையே பேசுகிறீர்கள். நான் திண்டுக்கல். அப்பா ஐம்பது வருஷமாகப் பூட்டுப் பட்டறை, நான் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன், ஆனாலும் லீவு நாளில் அரத்தைத் தொடாமல் இருக்க முடியாது.

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கிடைத்து என்ன, அலிகாரிலிருந்து மெஷின் பூட்டு பாதி விலைக்கு வந்து இறங்குகிறது, எங்கள் தெருவில் நான் சின்னப் பையனாக இருந்தபோது கேட்ட அரம் சத்தத்தில் இப்போது கால்வாசிகூட இல்லை. சரி, அது வேறு புலம்பல்.

சொல்ல வந்தது, எல்பேக்கரை தம்பி, உங்கள் கொக்கி எங்கள் மாங்காய்ப் பூட்டில் எடுபடாது. உள்ளே பின்னே கிடையாது, தகடு தகடாக லீவர். ஒவ்வொரு தகடும் அதனதன் உயரத்துக்குத் தூக்கினால்தான் எல்லாத் தகட்டின் வெட்டும் ஒரு கோட்டில் வந்து நாக்குக்கு வழி விடும். கொஞ்சம் தாழ்ந்தாலும் போகாது, கூடினாலும் போகாது. சாவியை வைத்துக்கொண்டு அதற்கு ஏற்றபடி ஒவ்வொரு லீவராக அப்பா கையாலேயே அராவுவார், அதனால் ஒரு பூட்டு மாதிரி இன்னொன்று அமையாது. மேலே லண்டன்காரர் சொன்ன சப் பூட்டும் லீவர்தானே, அப்பாவிடம் அந்த ஸ்பிரிங் சங்கதியை வாசித்துக் காட்டினேன், ரெண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

சாவி தொலைந்துபோய் யாராவது பூட்டைக் கொண்டுவந்தால் அப்பா இரண்டு கம்பியை 'ட' மாதிரி வளைத்துக்கொள்வார். ஒன்று நாக்கைத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருக்கும், இன்னொன்று லீவரை ஒவ்வொன்றாகத் தடவும். எது விறைப்பாக இருக்கிறதோ அதை முதலில் தூக்குவார். ரேக்ராணி அம்மா சொன்ன பின் கதையும் இதேதான், உலோகம் மட்டும் வேறு. அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் பேசக் கூடாது, டீ கொண்டுவருகிற பையன்கூட வாசலிலேயே நிற்பான். போட்டி வைக்கிறார்களாம் என்று சொன்னதற்கு, 'ஜெயித்தால் என்ன தருவார்கள்' என்று கேட்டார். கோப்பை என்றேன். 'அவ்வளவுதானா' என்றுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ரேக்ராணி எழுதியது:

பட்டறைக்காரன் அண்ணா, உங்கள் அப்பாவை எங்கள் ஆட்கள் பார்த்தால் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

போட்டியைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். இங்கே டூல் என்ற சங்கம் இருக்கிறது, பேரி வெல்ஸ் என்பவர் தொடங்கியவர்களில் ஒருவர். அவர்கள் நடத்தும் லாக்கான் கூட்டம் பல வருஷம் ஸ்னேக் என்ற சின்ன ஊரில் நடந்தது. அமெரிக்காவில் டெஃப்கான் என்ற ஹேக்கர் மாநாட்டில் கைவிலங்கு மாட்டிவிட்டுத் தப்பிக்கச் சொல்கிற போட்டியெல்லாம் உண்டு, பார்க்க நன்றாக இருக்கும், எனக்கு அது சர்க்கஸ் மாதிரிப் படும். அவரவர் ருசி.

சாதாரணப் போட்டி எப்படி என்றால், ஒரு மேஜையைச் சுற்றி ஆறேழு பேர், ஆளுக்கு ஒரு பூட்டு, குறிப்பிட்ட நேரம். மணி அடித்ததும் பூட்டு அடுத்தவர் கைக்குப் போகும். ஏன் இந்தச் சுற்று என்றால், ஒரே கம்பெனி ஒரே மாடல் என்றாலும் ஒரு பூட்டு தொட்டதும் திறக்கும், இன்னொன்று உயிரை வாங்கும். பின் நிற்கிற துளையைப் போடுவதில் இருக்கும் மயிரிழை வித்தியாசம்தான் நமக்கே பிழைப்பு, எல்லாத் துளையும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் எந்தப் பின்னும் தனியாகப் பிடிக்காது, நாம் திறக்கவும் முடியாது. ஆகவே எல்லாரும் எல்லாப் பூட்டையும் தொட்டால்தான் நியாயம். முதல்முறை போகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், வீட்டில் இரண்டு நிமிடம் என்றால் அங்கே எட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஆளின் பூட்டு 'டக்' என்று திறக்கிற சத்தம் கேட்டதும் உங்கள் விரல் தானாக இறுகும், அதோடு அந்தச் சுற்று போச்சு. நான் இப்போது காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறேன்.

எனக்கு உண்மையில் பிடித்தது இம்ப்ரெஷனிங். இதில் கொக்கியே கிடையாது. வெட்டாத சாவி ஒன்று, ஒரு அரம், கண்ணில் வைக்கிற லென்ஸ், அவ்வளவுதான். சாவியைப் பூட்டில் விட்டு இறுக்கித் திருப்பி மேலும் கீழும் அசைத்துவிட்டு வெளியே எடுத்தால், தடைபட்டு நிற்கிற பின் பித்தளையில் ஊசி முனை மாதிரி ஒரு தழும்பு வைத்திருக்கும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் மட்டும் தெரியும், நேராகப் பார்த்தால் தெரியாது. அந்த இடத்தில் அரத்தால் ஒரு இழுப்பு. மறுபடி உள்ளே விடு, திருப்பு, எடு, பார். தழும்பு விழுவது நின்றுவிட்டால் அந்தப் பின்னுக்கு ஆழம் சரி, கை வைக்காதே. கடைசியில் பூட்டு திறக்கும்போது கையில் வேலை செய்கிற சாவியே இருக்கும். கள்ளச்சாவி என்று நம் ஊரில் சொல்வதை ஒரு மணி நேரக் கெடு வைத்து ஆயிரம் வாட் விளக்கு மாதிரி வெளிச்சத்தில் உட்கார்ந்து பத்துப் பேர் முன்னால் செய்கிறோம். அபுஸ் சி83 பூட்டைத்தான் பெரும்பாலும் தருவார்கள். யோஸ் வேயர்ஸ் என்ற டச்சுக்காரர் இதில் பெரிய கை, அவர் அராவுவதைப் பக்கத்திலிருந்து பார்த்தால் தழும்பைப் பார்க்கிறாரா, இல்லை முன்பே தெரியுமா என்று சந்தேகம் வரும். போன தடவை எனக்கு ஐந்தில் நான்கு ஆழம் சரியாக வந்துவிட்டது, கடைசித் திருப்பலில் சாவி பாதியில் முறிந்து பூட்டுக்குள்ளேயே நின்றது. வீடு வரும்வரை ரயிலில் யாரோடும் பேசவில்லை.

சும்மாவந்தேன் எழுதியது:

இந்த பெல்ட் என்று ஒன்று சொல்கிறார்களே, கராத்தே மாதிரி, அது என்ன? (சும்மா கேட்கிறேன், சேருவதற்கு இல்லை.)

பழையசாவி எழுதியது:

அப்படித்தான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள்.

ரெடிட் தளத்தில் பூட்டு திறக்கிற ஆட்கள் வைத்திருக்கும் தரவரிசை அது. வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம், ஊதா, பழுப்பு, சிவப்பு, கருப்பு. ஒவ்வொரு நிறத்துக்கும் பூட்டுப் பட்டியல் இருக்கும், அதிலிருந்து திறந்து காட்ட வேண்டும். பச்சைக்கு அமெரிக்கன் லாக் 1100 என்ற மாடல் பூட்டு பேர்போனது, அதில் ஸ்பூலோடு அரம் மாதிரிப் பல் வைத்த பின்னும் இருக்கும், ஒவ்வொரு பல்லிலும் உட்கார்ந்துவிட்ட மாதிரியே 'டிக்' கேட்கும். நான் இரண்டு வருஷமாகப் பச்சையில் இருக்கிறேன். அதற்கு மேலே போக ஆசையும் இல்லை, வீட்டில் பூட்டு வாங்க அனுமதியும் இல்லை.

எல்பேக்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. தாமதமாகத்தான் வருகிறேன், ஆறு வாரம் ஓடிவிட்டது.

ரேக்ராணி சொன்னபடி ஒரே ஒரு ஸ்பூலை வைத்துப் பழகினேன். நான்காவது நாள் ராத்திரி உருளை என் விரலைப் பின்னால் தள்ளியதை முதல்முறையாக உணர்ந்தேன். மூன்று வாரமாக அது தள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, நான்தான் அதைவிட பலமாக அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். விட்டுக்கொடுத்தேன், இரண்டு பின் விழுந்தது, மறுபடி தூக்கினேன், திறந்துவிட்டது. போட்ட சத்தத்தில் மனைவி எழுந்து வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டாள்.

போட்டியில் ஆறு பூட்டில் இரண்டு திறந்தேன். ஏழு பேரில் ஆறாவது. கடைசியாக வந்தவருக்கு அன்றைக்கு ஜுரம். காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போகச் சொன்னதை நினைவு வைத்திருந்தால் மூன்று திறந்திருப்பேன்.

மாமியாரிடம் இரண்டு விதியையும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் போன வாரம் அவரே போன் செய்து, பீரோ சாவி ஒன்று காணவில்லை, போனில் சொன்னால் திறக்க முடியுமா என்று கேட்டார். புழக்கத்தில் இருக்கிற பூட்டு என்று தப்பித்துக்கொண்டேன்.

பட்டறைக்காரன் அண்ணா, தனி மடலில் பேசியபடி மாங்காய்ப் பூட்டு வந்து சேர்ந்தது, அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். இரண்டு சாவியையும் தனி உறையில் போட்டு ஒட்டி 'மனைவியிடம் கொடுக்கவும்' என்று அவர் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறார். கொடுத்துவிட்டேன். இன்றோடு ஒன்பது நாள். நான்கு கம்பி வளைத்தாயிற்று, எந்த லீவர் முதலில் விறைக்கிறது என்றே இன்னும் பிடிபடவில்லை. அவர் கம்பியை எந்தக் கனத்தில் எடுப்பார் என்று மட்டும் கேட்டுச் சொல்ல முடியுமா?

பட்டறைக்காரன் எழுதியது:

கேட்டேன். குடைக்கம்பியாம். பழைய குடை.